தலை கேட்பதற்கு, வாய் சொல்வதற்கு

அமலாவின் கணவர் லூர்துராஜ் அண்ணன் வீடியோ காலில் வந்தபோது நான் மைன்ஸ் டைம் ஆபீசில் காலை ஷிஃப்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. அந்த நேரத்தில் அவர் என்னை அழைத்ததே இல்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். "அண்ணே, அமலா எப்படி இருக்கா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நம் ஊர்த் தலையாட்டல். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மெதுவாகப் போய்வரும் தலை. இருக்கிறாள் என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "வாயால சொல்லுங்கண்ணே" என்றேன். "போயிட்டாம்மா" என்றார்.

டாக்டர் அமலோற்பவம் லூர்துராஜ். நம் பள்ளி மலரைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் வடலூரில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். மீதிப் பேருக்கு அவள் 'கழுத்துப் பட்டை டாக்டரம்மா'. அந்தப் பட்டை எதற்கு என்று தெரியாமலே பலர் அவளுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டீர்கள். அந்தக் கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அழுதுகொண்டே எழுத மாட்டேன். அவளை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அவளுடைய அப்பா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். வெகுகாலம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, அவள் பிறந்த வருடம் பெர்மனன்ட் ஆனார். அந்தச் சந்தோஷத்தில் தன் அம்மாவின் பெயரையே முழுசாக மகளுக்கு வைத்துவிட்டார். என் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர். இரண்டு குடும்பமும் ஒரே பிளாக், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். பள்ளியில் ஒரே பெஞ்ச். கணக்கு டீச்சர் பலகையில் எதையாவது எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் எல்லாரும் குனிந்துகொள்வோம். அமலாவின் தலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். புரிந்துவிட்டது போல என்று டீச்சர் அவளை விட்டுவிட்டு என்னை எழுப்புவார். "ஒனக்கு நிஜமாவே புரிஞ்சுதாடி?" என்று பிறகு கேட்பேன். "இல்லியே. அவங்க சொல்லிகினு இருந்தாங்க, நான் கேட்டுகினு இருந்தன்" என்பாள். இத்தனைக்கும் அரசுக் கல்லூரியிலேயே மருத்துவ இடம் கிடைத்துப் போனவள் அவள்தான், எழுந்து எழுந்து நின்ற நான் இல்லை.

படித்து முடித்து வடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராகச் சேர்ந்தாள். பாம்புக் கடி, பூச்சி மருந்து குடித்தவர்கள், முந்திரி மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாள். ஆனால் அவளுக்கு ஆசை வேறு. "வயசானவங்களுக்குன்னே தனியா ஒரு படிப்பு இருக்குது செல்வி. அதப் படிக்கணும். நம்ம ஊருல வயசானவங்க டாக்டர் முன்னாடி ஒக்காந்திருக்கறப்ப ஒண்ணும் சொல்றதில்ல. எழுந்து போயி கதவப் புடிச்சிகினு நின்னுகினுதான் நெசமான வலிய சொல்றாங்க" என்பாள். அந்த மேல்படிப்புக்கு இங்கே அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. வருடங்கள் போயின. பெரிய டாக்டர் வரும்வரை நோயாளியைக் காப்பாற்றி வைத்திருப்பதே அவள் வேலை ஆகிவிட்டது. இங்கிலாந்தில் உரிமத் தேர்வு எழுதித் தேறினால் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அந்தப் படிப்பையும் படிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அன்று மாலையே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். தேர்வைப் பாஸ் செய்துவிட்டவள் மாதிரிதான் நின்றாள்.

எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளினாள். அடுத்த தேர்வை இங்கிலாந்துக்கே போய் நேரில் செய்துகாட்ட வேண்டும். வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர், மூலையில் மார்க் போடும் டாக்டர் ஒருவர். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் அடுத்த அறை. போனாள், தவறிவிட்டாள். பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி போனாள். மறுபடி தவறினாள். மூன்றாம் முறைதான் கடைசி, அதற்கு மேல் வீட்டுக்கும் தெம்பில்லை, தனக்கும் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். தவறினால் ஆயுசுக்கும் டூட்டி டாக்டர்தான், அந்தப் படிப்பு அவ்வளவுதான். இதற்கிடையில் பிளாக்கில் வேறு பேச்சு. லூர்துராஜ் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் பெர்மனன்ட். 'பொண்டாட்டி பின்னாடி போறதுக்குப் பெர்மனன்ட விடுவானா மனுஷன்?' என்பதுதான் அந்த வருடம் எங்கள் பிளாக்கின் பட்டிமன்றத் தலைப்பு.

இரண்டாம் முறை தவறிவிட்டு வந்த அமலா அவர்கள் ஹாலில் உட்கார்ந்து எங்களிடம் நடந்ததைச் சொன்னது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லூர்துராஜ் அண்ணன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லா ரூம்லயும் நல்லாத்தான் பேசினன். ஒரு ரூம்ல ஒரு ஆளு. டெஸ்ட் ரிசல்ட் வாங்க வந்தவராட்டம் நடிக்கறாரு. 'டாக்டர், எனக்குப் புற்றுநோயா?'ன்னு கேட்டாரு. அவரு மனசுல இருக்கறத மொதல்ல சொல்ல வுடணும், அப்பறம்தான் நாம சொல்லணும். நான் கேட்டுகினுதான் இருந்தன். திடீர்னு அவரு 'நல்ல வேளை, இல்லியா'ன்னு நெஞ்சுல கைய வச்சிகினாரு. நான் வாயே தொறக்கலடி. மூலையில இருந்தவரு குனிஞ்சி ஏதோ எழுதறாரு. போன தடவையும் ஒரு ரூம்ல இதேதான். நான் ஒண்ணுமே சொல்லல, ஒண்ணுமே சொல்லல."

அண்ணனின் கை பலாப்பழத்திலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அமலா, இப்ப நீ என்னா பண்ணிகினு இருக்க?" என்றார்.

"பேசிகினு இருக்கன்."

"தலைய என்னா பண்ற?"

"தலையா? ஒண்ணும் பண்ணலியே" என்றாள், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டியபடி.

நான் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தேன். அண்ணன் எண்ணெய்க் கையோடு சுவரில் சாய்ந்துவிட்டார். அமலாவுக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்ததும் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்று கையைத் தட்டினாள். "கெடைச்சிடுச்சி. வியாதி என்னான்னு கெடைச்சிடுச்சி" என்று ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அந்த ஊரில் தலை பக்கவாட்டில் அசைந்தால் இல்லை என்றுதான் அர்த்தம். புற்றுநோயா என்று கேட்டவரிடம் இவள் தலை போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது. படிப்பெல்லாம் சரியாக இருந்தும், வாய்க்குத் தெரியாமல் தலை இரண்டு தடவை பொய் சொல்லியிருக்கிறது.

மறுநாளே மருத்துவமனையிலிருந்து ஒரு கழுத்துப் பட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டாள். எலும்பு தேய்ந்தவர்களுக்குப் போடுவார்களே, அதுதான். நான் நோயாளி. கிளப் ஆண்டு விழா நாடகங்களில் கதாநாயகிக்கு அம்மாவாக நடித்தே பேர் வாங்கியவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தாள், தேர்ந்தெடுத்த பாவத்தை அனுபவிக்கவும் செய்தாள். "செல்வி, ஒனக்கு சாதாரண மூட்டு வலிடி. எழவு வூட்டுல அழுவற மாதிரி அழுவாத" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். என் இங்கிலீஷ் டைம் ஆபீஸ் இங்கிலீஷ். ஒருநாள் முட்டி மடங்கவில்லை என்று சொல்ல வராமல் "டாக்டர், மை நீ இஸ் ஆப்சென்ட்" என்று சொல்லிவிட்டேன். பட்டைக்குள் சிரிக்க முடியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அண்ணன் சைக்கிள் பெல்லை வைத்துக்கொண்டு மணி அடிப்பார். பெல் அடித்தால் நான் சமையலறைக்குள் போய் வேறொரு வியாதியோடு திரும்பி வர வேண்டும்.

வெளியே இது வேறு மாதிரிப் பரவியது. டாக்டரம்மாவுக்குக் கழுத்து எலும்பு போய்விட்டதாம், இனி திரும்பவே முடியாதாம் என்று பேச்சு. வீட்டுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்சும் வந்து குவிந்தன. காடாம்புலியூரிலிருந்து அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு முந்திரித் தோப்புக்காரர் பஸ் கண்டக்டரிடம் ஒரு முழுப் பலாப்பழத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் முழுதும் கேட்டுவிட்டு, "தல ஆடாம இருக்கப் பட்டயா? எனக்கே காது குத்தறீங்களே டாக்டரம்மா" என்று தைலத்தை வைத்துவிட்டுப் போனார்.

சில வாரங்களில் தலை நின்றுவிட்டது. ஆனால் கை ஆட ஆரம்பித்தது. துப்பட்டாவால் கையைக் கட்டினால் புருவம் ஆடியது. எல்லாவற்றையும் அடக்கி ஒருநாள் சிலை மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டாள். நான் நெஞ்சு வலிக்காரி. பாதியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போடி, நீ கேக்கறியா இல்லையான்னே தெரியல. சுவத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்கு. எனக்குச் சொல்லவே தோணல" என்று எழுந்துவிட்டேன்.

அவள் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "செரி, இந்தத் தலையாட்டலுக்கு என்னாதான்டி அர்த்தம்?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கிறோம், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. ஆமாம் என்று அர்த்தம் என்றார் அண்ணன். 'சரி சரி' என்று அர்த்தம் என்றேன் நான். அவள் தன் தலையைத் தானே ஆட்டி ஆட்டிப் பார்த்தாள்.

"ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. 'நீ சொல்லு, நான் இங்கதான் இருக்கறன்'னு அர்த்தம்" என்றாள்.

"அப்ப அத வாயால சொல்லேன்" என்றேன்.

அவ்வளவுதான். அவள் முகம் மாறியதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி என்னை உட்கார வைத்தாள். நான் என் நெஞ்சு வலியைச் சொன்னேன். தலை ஆட வருகிற இடத்திலெல்லாம், 'சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று இங்கிலீஷில் வாயால் சொன்னாள். தலை தானாக நின்றது. நடிப்பு மறந்துபோய், என் சொந்த வீட்டுக் கவலையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். "தலை கேக்கறதுக்கு, வாயி சொல்றதுக்கு. நான் அங்க போயி ரெண்டு வேலயையும் தலைகிட்டயே குடுத்துட்டன்" என்றாள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுதும் அவள் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான்.

மூன்றாம் முறை போய்வந்தாள். ஓர் அறையில் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிற பெண்ணாக ஒருத்தி நடித்தாளாம். எனக்குப் பார்வை போய்விடுமா டாக்டர் என்று கேட்டாளாம். இத்தனை பயிற்சிக்கும் பிறகு சனியன் பிடித்த தலை ஆடிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி வருவதை அமலா பார்த்துவிட்டாள். உடனே நிறுத்தினாள். "மன்னிக்கணும். என் ஊரில் தலை இப்படி ஆடினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. பதிலை இப்போது வாயால் சொல்கிறேன்" என்று சொல்லி, சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொன்னாள். நடிக்க வந்தவர்கள் கொடுத்த பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அந்தப் பெண் பேசாமல் கேட்டுவிட்டு, அமலாவைப் போலவே ஒருமுறை தலையை ஆட்டினாளாம். "நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல செல்வி. அவளாச்சும் வாயால சொல்லியிருக்கலாம்" என்றாள் வந்ததும்.

ரிசல்ட் வந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மதியம், ஷிஃப்ட் மாறும் நேரம், சங்கு ஊதிவிட்டது. கேட்டிலிருந்து ஹெல்மெட்டும் டிபன் பாக்சுமாக ஆட்கள் கும்பலாக வெளியே வருகிறார்கள். அந்தக் கும்பலுக்கு எதிராக ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து அமலா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பாம்புக் கடிக்காரர் ஒருவர் கண் விழிக்கும்வரை மெயிலைத் திறக்காமல் வைத்திருந்து, திறந்து பார்த்த கையோடு வந்திருக்கிறாள். தலையில் ஹெல்மெட், முகம் பாதி தெரியவில்லை. "என்னடி ஆச்சு?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தோளுக்கும் இந்தத் தோளுக்கும்.

"பாவி, வாயத் தொறந்து சொல்லித் தொலைடி" என்றேன்.

"பாஸ்டி" என்றாள். நான் ரெஜிஸ்டரைப் போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். "எங்க அமலா பாஸ்" என்று எல்லாரிடமும் சொன்னேன். என்ன பரீட்சை என்றுகூடக் கேட்காமல் அவர்களும் சிரித்தார்கள். அந்த மண் படிந்த முகங்களோடு நாங்கள் இருவரும் நின்று சிரித்த அந்தச் சில நிமிஷத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

லூர்துராஜ் அண்ணன் பெர்மனன்ட் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். ஒர்க்‌ஷாப் ஆட்கள் துக்கம் விசாரிக்க வருவது போல வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். "அவ தலைய நிறுத்தினா, நான் வேலைய நிறுத்தினன்" என்று அவர் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்.

பாஸ் பண்ணினால் வேலை உடனே வந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். வரவில்லை. இங்கிலாந்தில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்பதை அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அங்கே போய்ச் சம்பளமில்லாமல் ஒரு வார்டில் ஓரமாக நின்று பார்த்துப் பழகினாள். ஒருவழியாக ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தினமும் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது எனக்குப் போன் பண்ணுவாள். "வடலூர்ல கரன்ட் இல்லாதப்ப டார்ச் லைட்டுல பிரசவம் பாத்தவடி நான். இங்க ஒரு ரத்த டெஸ்ட் எழுதறதுக்கு எந்த போன எடுக்கணும், கம்ப்யூட்டர்ல எங்க அமுக்கணும்னு தெரியாம, என்ன விட எவ்ளோ சின்னப் புள்ளைங்ககிட்ட கேட்டுகினு நிக்கறன்" என்பாள். அதையும் குஷியாகத்தான் சொல்வாள். பெயரைச் சுருக்கச் சொன்னார்கள். முடியாது என்று நெஞ்சு அட்டையில் முழுப் பெயரையும் போட்டுக்கொண்டாள். அ-ம-லோற்-ப-வம் என்று வார்டு நர்சுகளுக்குப் பாடம் எடுத்தாள். கடைசியில் 'லோற்' வராதவர்களுக்கு மட்டும் அமல் என்று சலுகை கொடுத்தாளாம்.

அவளை அங்கே ரொம்பவும் திணறடித்தது ஒரு வார்த்தை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அந்த ஊர் வயசாளிகள் எல்லாரும் 'நாட் டூ பேட்' என்பார்களாம். நம் 'பரவாயில்லை' மாதிரிதான். ஆரம்பத்தில் அவளும் பரவாயில்லை போல என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறாள். ஒரு சீனியர் நர்ஸ்தான் கையைப் பிடித்து நிறுத்தி, அப்படிச் சொன்ன ஒரு பாட்டியின் நாடியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். "நம்ம ஊருல முள்ளு குத்தினாலே உசுரு போவுதுன்னு வருவாங்க. இங்க உசுரு போவுற ஆளு பரவால்லன்றாரு. அங்க நான் பாதியாக் கொறைச்சிக் கேட்டன், இங்க ரெண்டு மடங்காக் கூட்டிக் கேக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆல்பர்ட் என்று ஒரு வயசாளி அவள் வார்டுக்கு அடிக்கடி வருவார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டவர். அவளும் சுரங்கத்து ஊர் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு ஆழம், எத்தனை இருட்டு என்று விசாரித்தார். எங்களுடையது மேலேயிருந்து வெட்டுகிற சுரங்கம், வானம் தெரியும் என்றாள். வானம் தெரிந்தால் அது சுரங்கமே இல்லை, பள்ளம் என்று சொல்லிவிட்டார். "எங்கப்பா வேல செஞ்ச எடத்தப் பள்ளம்னுட்டாருடி" என்று எனக்கு ஆவேசமாகப் போன் வந்தது. நான் வெளியே பார்வையாளர் மேடையில் நின்று, மண்ணை வாரும் அந்தப் பெரிய சக்கர இயந்திரத்தை வீடியோ எடுத்து அனுப்பினேன். ஆல்பர்ட் நெடுநேரம் பார்த்தாராம். பிறகு, "சரி, பெரிய பள்ளம்" என்றாராம். அவருக்கு அவள் தலையாட்டலும் பழகிவிட்டது, திருப்பி ஆட்டவும் கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் அந்த வார்டில் பாதிப் பேர் ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருநாள் ஆல்பர்ட், "இந்தத் தடவை நான் வீட்டுக்குப் போவேனா?" என்று கேட்டார். அமலாவின் தலை ஆடியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னார். இறந்துபோன மனைவியைப் பற்றி, அவர் நாயைப் பற்றி, சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்த ஒரு நாளைப் பற்றி. எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள் வாயால் சொன்னாள், "போக மாட்டீங்கன்னுதான் நெனைக்கறன்." அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்து, "நாட் டூ பேட்" என்றார். அன்று போனில் அவள் குரலில் வருத்தத்தோடு பெருமையும் இருந்தது. "ரெண்டு தடவ என்ன ஃபெயிலாக்கின தலைடி இது" என்றாள்.

அந்த முதியோர் மருத்துவப் படிப்பையும் முடித்தாள். வார்டுக்கே தலைமை டாக்டர் ஆனாள். புது நெஞ்சு அட்டையை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். பெயர் இரண்டு வரிக்குப் போயிருந்தது. நான் அதை டைம் ஆபீஸ் முழுக்கக் காட்டினேன். வடலூரில் காட்டினேன். காடாம்புலியூர்த் தோப்புக்காரருக்கும் அனுப்பினேன். "கழுத்து செரியாயிடுச்சா?" என்று அவர் பதில் போட்டார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் வழக்கம்போல் பேசினாள். வயிற்றில் வலி, டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள் என்றாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"பரவால்ல."

"எந்த ஊரு பரவால்லடி? நம்ம ஊரா, அந்த ஊரா?"

அவள் சிரித்தாள். "அந்த ஊரு" என்றாள்.

நான் டைம் ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். கணையத்தில் கட்டி. தனக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கு முழுசாகத் தெரியும், என்னிடமும் ஒளிக்காமல் சொன்னாள். கடைசி மாதங்களில் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கம்மாகிட்ட எல்லாரும் பொய்யி சொல்வாங்க செல்வி. நீ சொல்லாத. ஆனா நீயாப் போயி கொட்டாத. அவங்க கேப்பாங்க. கேட்டா, மொதல்ல அவங்கள சொல்ல வுடு. தலை கேக்கறதுக்கு, வாயி சொல்றதுக்கு. மறந்துடாத."

அடக்கம் அங்கேயே நடந்தது. இங்கே நம் மாதா கோவிலில் பூசை வைத்தோம், உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மறுநாள் நான் மேல்பட்டாம்பாக்கம் போனேன். அமலாவின் அப்பா ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அவர்கள் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். இப்போது அம்மா மட்டும்தான். வீடு நிறைய உறவுக்காரர்கள். தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒரு கஷ்டமும் இல்லை என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா எல்லாரையும் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அமலா என்னிடம் விட்டுப்போன பொருள் என்று எதுவும் இல்லை. பட்டையைக்கூட மருத்துவமனைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வைத்துக்கொண்டது சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

"செல்வி, கடைசில எம்பொண்ணுக்கு வலிச்சிதா?" என்று கேட்டார் அம்மா.

என் தலை ஆடியது. அம்மா என்னையே பார்த்தார், பிறகு சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயசில் ஊசிக்கு அழாதவள் என்றார். முட்டியில் அடிபட்டு ரத்தம் ஒழுக வந்தாலும், அடிபட்ட கதையைத்தான் முதலில் சொல்வாள் என்றார். பட்டை போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது தெருவே கூடிவிட்டதைச் சொல்லிச் சிரித்தார். அழுதார். மறுபடி சிரித்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் வாயைப் பார்த்தார்.

"வலிச்சுதும்மா" என்றேன். "ரொம்ப வலிச்சுது. அப்பறம் நல்ல மருந்து குடுத்தாங்க. கடைசி நாள் வலி இல்ல. அண்ணன் பக்கத்துலயேதான் இருந்தாரு."

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தலையை மெல்ல ஆட்டினார், அந்தத் தோளுக்கும் இந்தத் தோளுக்குமாக. நான் மேலே சொன்னேன்.